5 வாட் வால்வு ஆம்பில் ஹம்: வயரிங்கைப் பிரிப்பதா, சோக் போடுவதா, டிசி ஹீட்டர் கட்டுவதா?

வீட்டில் கட்டிய வால்வு ஆம்பை முதல் தடவை ஆன் செய்யும்போது புகை வருகிறதா என்றுதான் எல்லோரும் பார்ப்போம். புகை வராது. ஃபிலமென்ட் மெல்லச் சிவக்கும். பத்து, பதினைந்து நொடி கழித்து ஸ்பீக்கருக்கு உயிர் வரும். கிடாரை இன்னும் செருகவே இல்லை, அதற்குள் "ஊம்ம்ம்" என்று அது பாட ஆரம்பித்துவிடும். இந்த இரைச்சல்தான் ஹம்.

நான் கட்டியது ஃபெண்டர் சாம்ப் 5எஃப்1 சர்க்யூட். 1950-களின் பிற்பகுதியில் வந்த எளிய அமெரிக்க ஆம்ப் அது. முன்னால் கிடார் சிக்னலைப் பெருக்க ஒரு 12ஏஎக்ஸ்7 (ஒரே கண்ணாடிக்குள் இரண்டு பாதி), பின்னால் ஸ்பீக்கரை ஓட்ட ஒரு 6வி6, ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையராக 5ஒய்3. மொத்தம் மூன்றே வால்வு, ஐந்து வாட். முதல் ஆம்பாக இதைக் கட்டச் சொல்லாதவர்கள் குறைவு. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். இரண்டு பவர் வால்வு எதிரெதிராக வேலை செய்யும் புஷ்-புல் ஆம்பில், சப்ளையில் இருக்கும் ஹம் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்குள் பெரும்பாலும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். இங்கே ஒற்றை வால்வு, அடித்துக்கொள்ள ஆள் இல்லை. இன்னொன்று, சர்க்யூட்டை வரைந்தவர்கள் 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இருந்தவர்கள். நம் ஊரில் 50. அதே கெப்பாசிட்டரில் நமக்கு ஐந்தில் ஒரு பங்கு அதிக ரிப்பிள் (டிசியில் கலந்து நிற்கும் ஏசி அலை) மிஞ்சும்.

ஹம்மைப் போக்க வழி கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். விலை உயர்ந்த வால்வு வாங்கு என்பார் ஒருவர், கெப்பாசிட்டரை இரட்டிப்பாக்கு என்பார் இன்னொருவர். சோக் (இரும்பில் சுற்றிய கம்பிச் சுருள்) போடு, ஹீட்டரை (வால்வைச் சூடாக்கும் ஃபிலமென்டை) டிசியில் ஓட்டு, எல்லாவற்றையும் பிரித்து மறுபடி வயர் பண்ணு என்றும் வரும். ஐந்துமே ஏதோ ஒரு ஆம்பில் வேலை செய்த வைத்தியம்தான். உங்கள் ஆம்பில் எதில் தொடங்குவது என்பதுதான் கேள்வி. நான் தப்பான முனையிலிருந்து தொடங்கி, இரண்டு மாதமும் கொஞ்சம் பணமும் விட்டவன்.

தொடங்குமுன் ஒரு எச்சரிக்கை. இந்தச் சின்னப் பெட்டிக்குள் 340 வோல்ட் டிசி இருக்கிறது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் நிற்கும். திறக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு ரெசிஸ்டர் வழியாக அதை வடித்துவிட்டு, மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். ஹம் போக மூன்றாவது பின்னை வெட்டிவிடு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கிடாரின் கம்பிகள் கேபிள் வழியாகச் சேஸியோடு, அதாவது ஆம்பின் உலோகத் தட்டோடு, இணைந்தவை. எர்த் இல்லாத சேஸியில் ஒரு பழுது வந்தால், அது நேராக உங்கள் விரலுக்கு வரும்.

எந்த ஹம் என்று காதால் பிடிப்பது

வால்வு ஆம்பில் கேட்கிற ஹம் இரண்டு சாதி. மெயின்ஸின் 50 ஹெர்ட்ஸ் அப்படியே வந்தால் அது ஹீட்டர் வயரிலிருந்தோ, டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப் புலத்திலிருந்தோ, கிடார் கேபிள் வழியாகவோ வருகிறது. 100 ஹெர்ட்ஸ் என்றால் ரெக்டிஃபையரைத் தாண்டி வந்தது, அதாவது சப்ளையோ கிரவுண்டோ.

இதைப் பிரித்தறிய கிடாரே போதும். சரியாக ட்யூன் செய்த கிடாரில் ஆறாம் கம்பியின் மூன்றாம் ஃபிரெட், ஜி நோட், 98 ஹெர்ட்ஸ். அதை மெதுவாக மீட்டி ஹம்மோடு சேர்த்துக் கேளுங்கள். நொடிக்கு இரண்டு தடவை "வவ்-வவ்" என்று அலையடித்தால் ஹம் 100 ஹெர்ட்ஸ். ஆனால் மெயின்ஸும் அப்படி இப்படி ஆடும், அதனால் ஒன்றரை, இரண்டரை என்று வந்தாலும் பதற வேண்டாம். செல்போனில் ஸ்பெக்ட்ரம் காட்டும் செயலி இருந்தால் இன்னும் சுலபம், ஆனால் செல்போன் மைக்குக்கு 50 ஹெர்ட்ஸ் சரியாகக் கேட்காது. எட்டு அங்குல ஸ்பீக்கரும் சின்னப் பெட்டியில் 50 ஹெர்ட்ஸைப் பெரிதாக வெளியே விடாது. சாம்ப் மாதிரி சின்ன ஆம்பில் உங்களை எரிச்சல்படுத்துவது பெரும்பாலும் 100-தான்.

அடுத்து வால்யூம். சாம்ப்பில் வால்யூம் கன்ட்ரோல், 12ஏஎக்ஸ்7-இன் இரண்டு பாதிகளுக்கும் நடுவில் இருக்கிறது. பூஜ்யத்தில் வைத்தும் ஹம் அப்படியே இருந்தால் குற்றவாளி அதற்குப் பின்னால். வால்யூமோடு ஏறி இறங்கினால் முன்னால். பிறகு அணைத்து, 12ஏஎக்ஸ்7-ஐக் கழற்றிவிட்டு மறுபடி ஆன் செய்யுங்கள். இப்போதும் ஹம் இருந்தால் அது 6வி6, சப்ளை, டிரான்ஸ்ஃபார்மர் இந்த மூன்றுக்குள். கிடாரைச் செருகிய பிறகுதான் வருகிறது, கிடாரைக் கையில் பிடித்துத் திரும்பி உட்கார்ந்தால் கூடிக் குறைகிறது என்றால் அது கிடாரின் சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப் பிடிக்கிற ஹம். ஆம்பைப் பிரிக்காதீர்கள்.

இந்த மூன்று சோதனையும் பத்து நிமிட வேலை. நான் செய்யவில்லை. வால்வு வாங்கப் போய்விட்டேன்.

வால்வை மாற்றுவது

இதுதான் எல்லோரும் முதலில் செய்வது, காரணம் சால்டரிங் அயர்னைத் தொட வேண்டாம். பழைய காலத்து 12ஏஎக்ஸ்7 ஒன்றை, ஐரோப்பியப் பெயரில் ஈசிசி83 என்று முத்திரை குத்தியது, நல்ல விலை கொடுத்து வாங்கினேன். பழைய வால்வு ரேடியோக்களைப் பழுது பார்த்த ஒரு பெரியவரிடம் காட்டினேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, வால்வு நல்லாத்தான் இருக்கு. ஸ்க்ரூவைப் பாத்தியா?" என்றார். எந்த ஸ்க்ரூ என்று அப்போது புரியவில்லை. வீட்டுக்கு வந்து வால்வைப் போட்டேன். ஹம் கடுகளவும் மாறவில்லை.

வால்வு மாற்றம் வேலை செய்யும் இடங்கள் உண்டு. மூங்கில் குச்சியால் வால்வை லேசாகத் தட்டினால் ஸ்பீக்கரில் "டிங்" என்று மணியடித்தால் அது மைக்ரோஃபோனிக் வால்வு, மாற்றத்தான் வேண்டும். ஹீட்டருக்கும், அது சூடாக்குகிற, எலெக்ட்ரானை உமிழும் கேத்தோடுக்கும் நடுவே மின்சாரம் கசிகிற வால்வும் 50 ஹெர்ட்ஸ் ஹம் தரும். ஆனால் அதைத் தெரிந்துகொள்ள இன்னொரு சாதாரண 12ஏஎக்ஸ்7 போதும், நண்பரிடம் இரவல் வாங்கினாலும் சரி. இரண்டிலும் ஒரே ஹம் என்றால் மூன்றாவது வால்வுக்குப் பணம் செலவழிக்காதீர்கள்.

கிரவுண்டைப் பிரித்துக் கட்டுவது

செலவு மிகக் குறைவு, பலன் மிக அதிகம், ஆனால் செய்ய மனம் வராது. அழகாக லேஸ் கட்டி வைத்த வயரிங்கைப் பிரிக்க யாருக்கு மனசு வரும்?

கிரவுண்ட் என்றால் பூஜ்யம் வோல்ட், எங்கே இணைத்தாலும் ஒன்றுதான் என்று நினைத்துத்தான் நானும் சேஸியில் வசதிப்பட்ட இடத்திலெல்லாம் ஸ்க்ரூ போட்டேன். உண்மையில், பவர் டிரான்ஸ்ஃபார்மரின் ஹெச்டி (உயர் வோல்டேஜ்) சுற்றின் நடு டேப்புக்கும் (சுற்றின் நடுவிலிருந்து வரும் வயருக்கும்) முதல் ஃபில்டர் கெப்பாசிட்டரின் நெகட்டிவுக்கும் இடையே ஓடுகிற மின்னோட்டம் சீரானது அல்ல. நொடிக்கு நூறு தடவை, சராசரியைப் போல் பல மடங்கு உயரத்துக்கு, சாட்டையால் அடித்ததுபோல் துடிக்கும். வயருக்கும் சேஸித் தகட்டுக்கும் சின்னதாக ஒரு ரெசிஸ்டன்ஸ் உண்டு. அதில் ஒரு மில்லிவோல்ட் விழுந்தாலே போதும். கிடார் தருவதே மில்லிவோல்ட் கணக்கு. அந்தத் துடிப்பு ஓடுகிற பாதையில் 12ஏஎக்ஸ்7-இன் கிரவுண்டும் நின்றால், ஆம்ப் அதையும் சிக்னல் என்று எடுத்துப் பெருக்கிவிடும். இந்த வகை ஹம் வழவழவென்று இருக்காது. "ஜ்ஜ்ஜ்" என்று விளிம்பு வைத்துக் கேட்கும்.

இதற்கு இரண்டு வழி. எல்லா கிரவுண்ட் வயரையும் ஒரே போல்ட்டுக்குக் கொண்டுவருவது ஸ்டார். தடித்த ஒரு கம்பியை இழுத்து, வரிசை மாறாமல் ஒவ்வொன்றாக அதில் இணைப்பது பஸ். ஸ்டாரைப் புத்தகத்தில் பார்த்தால் மனம் மயங்கும். ஆனால் நிஜ சேஸியில் இன்புட் ஜாக் ஒரு முனையிலும் பவர் டிரான்ஸ்ஃபார்மர் மறுமுனையிலும் இருக்கும். ஸ்டாருக்காக ஜாக்கின் கிரவுண்டை அவ்வளவு தூரம் இழுத்தால் அந்த வயரே ஆன்டெனா ஆகிவிடும். ஸ்டார் போல்ட்டிலும் எந்த லக் (வயரைச் சால்டர் செய்யும் தகட்டு முனை) மேலே, எது கீழே என்பது முக்கியம் என்று பிறகுதான் தெரியவந்தது.

மூன்று வால்வு ஆம்புக்கு என் ஓட்டு பஸ்ஸுக்கே. வரிசை இது: முதலில் ஹெச்டி நடு டேப்பும் முதல் கெப்பாசிட்டரின் நெகட்டிவும் ஒன்றோடொன்று நேராக. அதன் பிறகு 6வி6-இன் கேத்தோடு ரெசிஸ்டர், ஸ்பீக்கர் கிரவுண்ட். அப்புறம் இரண்டாம், மூன்றாம் கெப்பாசிட்டர்கள். பிறகு 12ஏஎக்ஸ்7-இன் கேத்தோடுகள், வால்யூம் கன்ட்ரோல். கடைசியில் இன்புட் ஜாக். அங்கே, அங்கே மட்டும், சேஸியோடு ஒரு இணைப்பு. மெயின்ஸ் எர்த்துக்குத் தனி போல்ட், அது பவர் கார்டு நுழையும் இடத்திலேயே, வேறு எதையும் அதில் சேர்க்காமல்.

பஸ்ஸாக மாற்றிய பிறகும் என் ஆம்பில் ஹம் இருந்தது. மீட்டரை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் பெரியவர் கேட்ட ஸ்க்ரூ கிடைத்தது. ஸ்பீக்கர் ஜாக் உலோக ஜாக், அதன் நட்டு சேஸியைக் கடித்துக்கொண்டு இரண்டாவது கிரவுண்டாக நின்றது. கெப்பாசிட்டர் போர்டைப் பிடித்திருந்த ஒரு ஸ்க்ரூவின் தலை, பக்கத்து லக்கைத் தொட்டுக்கொண்டு மூன்றாவதாக நின்றது. ஜாக்கைப் பிளாஸ்டிக் ஜாக்காக மாற்றினேன், ஸ்க்ரூவுக்கு அடியில் ஃபைபர் வாஷர் போட்டேன். "ஜ்ஜ்ஜ்" முழுக்கப் போய்விட்டது. வழவழப்பான "ஊம்ம்" மட்டும் மிச்சம். செலவு ஒரு டீ, இரண்டு வடை.

உங்கள் ஆம்பில் விளிம்பு வைத்த ஹம் கேட்டால், மற்ற எதையும் வாங்கும் முன் இதைச் செய்துவிடுங்கள். பிற வைத்தியம் எதுவும் தப்பான கிரவுண்டைச் சரிசெய்யாது. சிலது இன்னும் கெடுக்கும்.

ஹீட்டர்: பேலன்ஸ், உயர்த்துவது, டிசி

ஹீட்டர் ஹம்முக்கு மூன்று வைத்தியம், மூன்றுக்கும் இடையே விலையிலும் சிரமத்திலும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

முதலாவது, 6.3 வோல்ட் சுற்றின் இரு முனையிலிருந்தும் தலா ஒரு 100 ஓம் ரெசிஸ்டர் எடுத்துக் கிரவுண்டில் சேர்ப்பது. சுற்றுக்கு ஏற்கெனவே நடு டேப் இருந்து அது கிரவுண்டில் சேர்ந்திருந்தால் இது தேவையில்லை. இரண்டும் இல்லாமல் ஹீட்டர் அந்தரத்தில் மிதந்தால் ஹம் நிச்சயம். ரெசிஸ்டர்களுக்குப் பதிலாக 200 ஓம் அளவில் ஒரு வயர்வவுண்ட் பாட் (திருகி மாற்றும் ரெசிஸ்டர்) வைத்து, ஹம் குறைகிற இடத்தில் நிறுத்தலாம். இரண்டு பாதியும் கச்சிதமாகச் சமமாக இருக்காத வால்வுகளுக்கு இது இன்னும் நல்லது. இதோடு, ஹீட்டர் வயர் இரண்டையும் பின்னல் பின்னுவதுபோல இறுக்கமாக முறுக்கி, சேஸியின் மூலையை ஒட்டிக் கொண்டுபோய், வால்வு சாக்கெட்டை மேலிருந்து அணுக வேண்டும். 12ஏஎக்ஸ்7-இல் 4, 5 பின்கள் ஒரு முனை, 9 மறுமுனை. சிக்னல் நுழையும் கிரிட் பின்கள் 2-உம் 7-உம், அந்தப் பக்கம் ஹீட்டர் வயர் தலைகாட்டக் கூடாது.

இரண்டாவது, ஹீட்டர் முழுவதையும் நாற்பது, நாற்பத்தைந்து வோல்ட் டிசி உயரத்துக்குத் தூக்கிவைப்பது. சூடான ஹீட்டரும் எலெக்ட்ரானை உமிழும். கேத்தோடைவிட ஹீட்டர் நெகட்டிவாகும் தருணங்களில் அது கேத்தோடுக்குள் கசியும், நொடிக்கு ஐம்பது தடவை. கேத்தோடுக்கு இணையாகப் பெரிய கெப்பாசிட்டர் இருந்தால் கசிவை அது விழுங்கிவிடும். சாம்ப்பில் 12ஏஎக்ஸ்7-இன் இரண்டாம் பாதிக்கு அப்படி இல்லை, ஸ்பீக்கரிலிருந்து திருப்பி அனுப்பும் சிக்னல், அதாவது ஃபீட்பேக், அந்தக் கேத்தோடில்தான் வந்து சேர்கிறது. ஹீட்டரை எப்போதும் பாசிட்டிவாகவே வைத்துவிட்டால் கசிவு நின்றுவிடும்.

செய்வது இவ்வளவுதான். 340 வோல்ட் சப்ளையிலிருந்து ஒரு 220 கிலோ ஓம், அதன் கீழ் 33 கிலோ ஓம், கிரவுண்ட். இரண்டும் சேரும் இடத்தில் சுமார் 44 வோல்ட் கிடைக்கும். 33 கிலோ ஓமுக்கு இணையாக 100 வோல்ட் தாங்கும் 47 மைக்ரோஃபாரட் ஒன்று. இரண்டு 100 ஓம் ரெசிஸ்டர்களின் சந்திப்பைக் கிரவுண்டிலிருந்து பிரித்து இங்கே சேர்த்துவிடுங்கள். 220 கிலோ ஓமில் அரை வாட்டுக்குக் கொஞ்சம் குறைவாக எரியும், அதனால் 1 வாட் ரெசிஸ்டர், வோல்டேஜ் தாங்குவது. இதில் ஒரு கொசுறு லாபமும் உண்டு. ஆம்பை அணைத்தால் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் இந்த ரெசிஸ்டர்கள் வழியாகத் தானே வடிந்துவிடும். அப்படியும் மீட்டரில் பார்க்காமல் கை வைக்கக் கூடாது.

மூன்றாவது, டிசி ஹீட்டர். கேட்கும்போது இதுதான் முழுத் தீர்வு மாதிரி இருக்கும். ஹீட்டரில் ஏசியே இல்லை, ஹம் எங்கிருந்து வரும்? நான் இந்தப் பேச்சில்தான் விழுந்தேன். பிரிட்ஜ் ரெக்டிஃபையர், 4700 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். 12ஏஎக்ஸ்7 ஒன்றுக்கு மட்டும் 0.3 ஆம்பியர் போதும். ஆன் செய்தால் பழைய "ஊம்ம்" குறைந்து, புதிதாக "ஜ்ஜ்ஜ்" வந்தது. ஹெச்டி பக்கம் நடந்த அதே கதை இங்கேயும். பிரிட்ஜ் கெப்பாசிட்டரை நிரப்பும் மின்னோட்டமும் துடிப்புத்தான், இன்னும் பெரிய துடிப்பு. நான் அதன் நெகட்டிவை வசதிப்பட்ட கிரவுண்ட் லக்கில் சேர்த்திருந்தேன்.

இதைவிட மோசமான ஒரு பொறியும் இருக்கிறது. 6வி6-உம் அதே சுற்றிலிருந்து ஏசியில் ஓடும்போது, சுற்றின் நடு டேப் கிரவுண்டில் இருக்க, பிரிட்ஜின் நெகட்டிவையும் கிரவுண்டில் சேர்த்தால், பாதிச் சுற்றை டையோடு வழியாக ஷார்ட் செய்கிறீர்கள். டையோடு போகும், அல்லது டிரான்ஸ்ஃபார்மர் போகும். இரண்டில் ஒன்றை மட்டுமே கிரவுண்டோடு சேர்க்கலாம். ரெக்டிஃபையர் வழியாக எடுக்கும்போது சுற்றில் ஓடும் ஆர்எம்எஸ் கரண்ட் (சூடேற்றும் கணக்கிலான மின்னோட்டம்) டிசி கரண்டைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் போகும், கணக்காகச் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர் சூடேறும். டையோடில் விழுவது போக 6.3 வோல்ட் மிஞ்சுகிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். கூடுதலாக வந்தால் சின்ன ரெசிஸ்டர், குறைவாக வந்தால், வோல்ட் குறைவாக விழுகிற ஷாட்கி டையோடு.

மூன்றுக்கும் என் தீர்ப்பு: முறுக்கிய வயரும் 100 ஓம் ஜோடியும் எல்லா ஆம்பிலும் இருக்க வேண்டும். உயர்த்துவது, கையோடு கையாகச் செய்துவிட வேண்டிய மலிவான வேலை. டிசி ஹீட்டர், மூன்று நான்கு கெயின் ஸ்டேஜ் (சிக்னலைப் பெருக்கும் படி) அடுக்கிய ஹை கெயின் ஆம்புக்கு, அதுவும் முதல் வால்வுக்கு மட்டும். சாம்ப்புக்கு அது கொசுவை விரட்டப் பீரங்கி. நான் கட்டியதைக் கழற்றிவிட்டேன், 4700 மைக்ரோஃபாரட் இன்னும் மேசை டிராயரில் உருண்டுகொண்டிருக்கிறது.

சப்ளை: கெப்பாசிட்டரா, ரெசிஸ்டரா, சோக்கா

கிரவுண்டும் ஹீட்டரும் சரியான பிறகும் என் ஆம்பில் வழவழப்பான 100 ஹெர்ட்ஸ் மிச்சம் இருந்தது. 12ஏஎக்ஸ்7-ஐக் கழற்றினாலும் அப்படியே. ஆக, 6வி6-உம் சப்ளையும்.

இது சாம்ப்பின் பிறவிக் குணம். 6வி6-இன் பிளேட்டுக்கு (எலெக்ட்ரான் போய்ச் சேரும் முனைக்கு) போகும் மின்சாரம் முதல் கெப்பாசிட்டரிலிருந்தே நேராக அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்குப் போகிறது. மூலச் சர்க்யூட்டில் அது 16 மைக்ரோஃபாரட். 50 மில்லிஆம்பியர் அளவுக்கு இழுக்கும்போது நம் 50 ஹெர்ட்ஸில் அங்கே உச்சிக்கும் பள்ளத்துக்கும் இடையே 20 வோல்ட்டுக்கு மேல் ரிப்பிள் நிற்கும். 6வி6-இன் உள் ரெசிஸ்டன்ஸ் அதிகம் என்பதால் அதில் சிறு பங்குதான் டிரான்ஸ்ஃபார்மரில் விழுகிறது, ஃபீட்பேக்கும் கொஞ்சம் குறைக்கிறது. அப்படியும் ராத்திரி பத்து மணிக்குக் காதில் விழும்.

கெப்பாசிட்டரை இரட்டிப்பாக்கினால் ரிப்பிள் பாதியாகும். காதுக்குப் பாதி என்பது பெரிய வித்தியாசம் இல்லை. ஐந்தில் ஒன்றாக்க வேண்டுமானால் 80 மைக்ரோஃபாரட் போட வேண்டும், அந்தத் துடிப்பை 5ஒய்3 தாங்காது. அது சின்ன ரெக்டிஃபையர், முதல் கெப்பாசிட்டரை 20 பக்கம் வைத்துக்கொள்வது நல்லது. இந்த இடத்தில் கஞ்சத்தனம் காட்டக் கூடாதது வோல்டேஜில். 5ஒய்3 சீக்கிரம் சூடாகிவிடும், 6வி6 மெதுவாகத்தான் சூடாகும். நடுவில் சில நொடிகள் சுமையே இல்லாமல் சப்ளை எகிறும். மெயின்ஸும் 240-ஐத் தாண்டுகிற தெருவில் 450 வோல்ட் கெப்பாசிட்டர் விளிம்பில் நிற்கும். 500 வோல்ட் வாங்குங்கள்.

அடுத்தது, முதல் கெப்பாசிட்டருக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்கும் நடுவே 220 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்று போட்டு, அதன் பின் 33 மைக்ரோஃபாரட். 100 ஹெர்ட்ஸில் 33 மைக்ரோஃபாரட் சுமார் 48 ஓம், ஆகவே ரிப்பிள் ஐந்தில் ஒன்றாகும் அளவுக்கு இறங்கும். இழப்பு 11 வோல்ட். சத்தத்தில் அது தெரியாது.

அதே இடத்தில் 5 ஹென்றி சோக் என்றால், 100 ஹெர்ட்ஸில் அது 3100 ஓம் மாதிரி நிற்கும். ரிப்பிள் அறுபதில் ஒன்று. வோல்ட் இழப்பு கிட்டத்தட்ட ரெசிஸ்டர் அளவே, சில சமயம் இன்னும் குறைவு. பணமும் இடமும்தான் பிரச்சினை. சோக்குக்கும் காந்தப் புலம் உண்டு, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் திருகினால் ஒரு ஹம்மை விரட்டி இன்னொன்றை அழைத்து வருகிறோம்.

நம் வீட்டுப் பரண்களில் மூன்றாவதாக ஒரு பொருள் இருக்கிறது: பழைய ட்யூப்லைட் சோக். எலெக்ட்ரானிக் சோக் உதவாது, கையில் எடுத்தால் கனக்கிற இரும்புச் சோக். 40 வாட்டுக்கானது ஒரு ஹென்றிக்குச் சற்று மேலே இருக்கும். ரிப்பிளைப் பதினைந்தில் ஒன்றாக்கிவிடும், செலவு பூஜ்யம். சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல வழி தெரியவில்லை. சோக்கால் பலன் உண்டா என்று பரண் சோக்கை வைத்துப் பார்த்துவிட்டு, உண்டு என்று தெரிந்த பிறகு உண்மையான சோக்குக்குப் பணம் எடுங்கள். நிரந்தரமாக அதையே வைக்க நான் தயங்குவேன். அதன் இன்சுலேஷன் 230 வோல்ட் விளக்குக்காகச் செய்தது, ஆன் செய்தவுடன் எகிறும் ஹெச்டிக்காகச் செய்ததல்ல. வெளியே புலமும் நிறையச் சிந்தும். அதன் உடலையும் எர்த் செய்யாமல் ஆன் செய்யாதீர்கள்.

நான் என்ன செய்தேன்? முதலில் ரெசிஸ்டர். ஒரு வாரம் அதோடு வாசித்தேன், போதும் போலத்தான் இருந்தது. பிறகு ஆசை விடவில்லை, சென்னை ரிச்சி தெருவில் தேடிச் சலித்து, கடைசியில் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றித் தருகிறவரிடம் சொல்லி ஒரு சோக் செய்துகொண்டேன். ரெசிஸ்டரிலிருந்து சோக்குக்கு வந்த வித்தியாசம், ஒன்றும் இல்லாததிலிருந்து ரெசிஸ்டருக்கு வந்த வித்தியாசத்தைவிடச் சின்னது. காசைப் பார்க்கிறவர் ரெசிஸ்டரிலேயே நின்றுவிடலாம்.

வயரை மாற்றியும் போகாத சில

12ஏஎக்ஸ்7-ஐயும் 6வி6-ஐயும் இரண்டையும் கழற்றிய பிறகும் ஹம் இருந்தால், பவர் டிரான்ஸ்ஃபார்மரின் புலம் நேராக அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்குள் போகிறது. சேஸியில் துளை போடும் முன்பே இதைச் சோதித்திருக்கலாம். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் ஸ்பீக்கர் முனையில் ஹெட்ஃபோன் மாட்டி, பவர் டிரான்ஸ்ஃபார்மருக்கு மட்டும் மின்சாரம் கொடுத்து, மற்றதைத் திருப்பித் திருப்பி வைத்து எங்கே ஹம் அடங்குகிறது என்று கேட்பது. சாதாரணமாக ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்தால் அடங்கும். துளை போட்ட பிறகு என்றால், பிடித்திருக்கும் பிராக்கெட்டை மாற்றி அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரைத் திருப்ப வேண்டியதுதான்.

டிரான்ஸ்ஃபார்மரே "கொர்" என்று உறுமினால், ஸ்பீக்கரில் இல்லை, இரும்பில், அது 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் சுற்றிய அமெரிக்க டிரான்ஸ்ஃபார்மரா என்று பாருங்கள். ஸ்டெப்-டவுன் வைத்து வோல்டேஜைச் சரிசெய்தாலும் 50 ஹெர்ட்ஸில் அதன் இரும்பு ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகத் திணறும். அதற்கு மருந்து இல்லை, மாற்றத்தான் வேண்டும்.

ஆன் செய்தவுடன் ஹம்முக்குப் பதில் "கீ" என்று அலறினால் பயப்படாதீர்கள். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி வயர் இரண்டும் இடம் மாறி, நெகட்டிவ் ஃபீட்பேக் பாசிட்டிவாகிவிட்டது. அணைத்து, வடித்து, இரண்டையும் மாற்றிச் சேர்த்தால் முடிந்தது.

"இஸ்ஸ்ஸ்" என்ற காற்றுச் சத்தம் வேறு. 12ஏஎக்ஸ்7-இன் பிளேட்டில் இருக்கும் 100 கிலோ ஓம் கார்பன் கம்பசிஷனாக இருந்தால் மெட்டல் ஃபிலிமாக மாற்றுங்கள், நன்றாகக் குறையும். "கரகர"வுக்கு மூங்கில் குச்சிதான், ஒவ்வொரு சால்டர் முனையையும் தட்டிக்கொண்டே போனால் தானே காட்டிக்கொடுக்கும்.

ஃபேன் ரெகுலேட்டர், விலை குறைந்த எல்இடி பல்பு, கரண்ட் போனால் ஓடும் சதுர அலை இன்வெர்ட்டர் இந்த மூன்றும் ஆம்புக்குள் இல்லாத "ஜ்ஜ்ஜ்"ஐத் தரும். ஒரு தடவை ராத்திரி முழுக்கத் தேடிவிட்டு, மின்சாரம் வந்ததும் சத்தம் போனதைப் பார்த்துச் சிரித்தேன். ஆம்பைப் பிரிக்கும் முன் ஃபேனை அணைத்துப் பாருங்கள், பக்கத்து வீட்டுக்கு எடுத்துப்போயும் பாருங்கள்.

எங்கே நிறுத்துவது? மல்டிமீட்டரை ஏசி மில்லிவோல்ட்டில் வைத்து ஸ்பீக்கர் முனையில் பார்த்துக்கொண்டே இருந்தால் நிறுத்தவே முடியாது, எண் இன்னும் கொஞ்சம் இறங்காதா என்று தோன்றும். நான் மீட்டரைத் தூர வைத்துவிட்டேன். ஃபேன் ஓடாத அறையில், கிடார் வாசிக்கும் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டேன். இரண்டு மீட்டர் தூரம். ஹம் இல்லை. காதை ஸ்பீக்கர் துணியில் வைத்தால் இருக்கிறது, ஆறாம் கம்பியின் ஜி-க்குக் கொஞ்சம் மேலே. இருக்கட்டும் என்று பின்பக்கத் தகட்டை மூடி நாலு ஸ்க்ரூவையும் முறுக்கினேன். ஒவ்வொன்றும் லக்கைத் தொடுகிறதா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான்.